சக்கரத்தின் கனம்

உழைப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். ஆனால், உழைப்பவன் கையிலிருக்கும் கருவியைப் பற்றியோ, பல பொருள்களுள் ஒன்றை அவன் தெரிந்தெடுக்கும்போது அவனுள் நிகழும் சிந்தனையைப் பற்றியோ நமது எழுத்துக்கள் பேசுவது மிகக் குறைவு. கதைகளிலே தொழிலாளி வருகிறான். அவன் வியர்வை வருகிறது. கடனும் கண்ணீரும் வருகின்றன. அவன் அறிவு மாத்திரம் வருவதில்லை. உடம்பால் உழைப்பவன், மனத்தால் துன்புறுபவன் என்ற இரண்டு நிலைகளோடு அவனை நிறுத்திவிடுகிறோம். இது மரியாதைபோலத் தோன்றும் அவமரியாதை. ஆதலால், ஒரு சக்கரத்தையும் ஒரு தட்டையும் தெரிந்தெடுத்த கதையை இங்கே எழுதுகிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கராச்சுக்குள் வரவேண்டும்.

மோட்டார் எஞ்சினின் பின்புறத்தில், சுழல்தண்டின் முனையிலே, கனத்த வார்ப்பிரும்புச் சக்கரமொன்று பூட்டப்பட்டிருக்கும். கராச்சிலே அதனைப் பிளைவீல் என்பார்கள். நமது பௌதிகவியல் நூல்கள் பறப்புச்சில்லு என்கின்றன. அந்தச் சில்லு எங்கும் பறப்பதில்லை. ஆங்கிலச் சொல்லின் முற்பாதியை அப்படியே பெயர்த்ததால் வந்த சிறகு அது. அதன் தொழில் சேமிப்பது. நான்கு சிலிண்டர் எஞ்சினிலே, அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடித்துத் தண்டை உந்தும். ஓர் உந்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே தண்டு சோர்ந்துவிடாமல், பெற்ற வேகத்தைத் தன் கனத்தில் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது இச்சக்கரம். படுவான்கரை வயல்களில் ஓடும் லேண்ட்மாஸ்டரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதற்கு ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரே உந்தல். அதனாலேதான் அதன் சக்கரம் உடம்புக்கு மிஞ்சிய கனத்தோடு பக்கத்திலே சுழல்கிறது. அதற்கும் முன்னே இதே உண்மையைக் குயவர் கண்டிருந்தார். கோலால் ஒருமுறை சுழற்றிவிட்டுக் கோலை வைத்துவிட்டால், திகிரி தன் கனத்தாலே சுழன்றுகொண்டிருக்கும். அவருடைய இரு கைகளும் மண்ணுக்குச் சொந்தமாகிவிடும்.

பிளைவீலின் முகத்தோடு ஒட்டி நிற்பது கிளட்ச் தட்டு. சுழலும் எஞ்சினையும் நிற்கும் வாகனத்தையும் அதிர்ச்சியின்றி இணைப்பதும், வேண்டும்போது பிரிப்பதும் அதன் வேலை. பிரஷர் பிளேட் என்னும் வில்தகடு அத்தட்டைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. இடக்கால் மிதிபடியை அழுத்தும்போது பிடி தளர்கிறது. ஓட்டோ கியர் வாகனத்தில் இவை ஒன்றும் இல்லை. அங்கே ஒரு மெல்லிய தகடும், எண்ணெய் நிறைந்த உருண்டை ஒன்றும் இவற்றின் வேலையைச் செய்கின்றன. ஆகவே, ஓட்டோ கியரைக் கழற்றி மனுவல் கியர் பூட்ட விரும்புகிறவன் கியர்ப்பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. பிளைவீலும் கிளட்சும் புதிதாகத் தேடவேண்டும்.

அப்படியொரு தேவை ஏன் எழுந்தது? 2020 மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென்று இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. எரிபொருள் வரிசையில் ஆசிரியரும் மீனவரும் இரவுகளைக் கழித்தனர். செலாவணியைக் கரைத்தவர்கள் வேறு. தண்டம் கட்டியவர்கள் வேறு. இருக்கிற பழைய வாகனத்தை எப்படியாவது உயிரோடு வைத்திருப்பதே சிறு உடைமையாளனுக்கு எஞ்சிய வழியாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, வரியோடு சேர்ந்த விலை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

எங்கள் தெருவிலே பாடசாலை வான் ஓட்டும் அண்ணர் ஒருவர் இருக்கிறார். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நகரப் பாடசாலைகளுக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிச்செல்வது அவர் தொழில். வான் ஜப்பானிலிருந்து பழையதாய் வந்தது, டீசல் எஞ்சின், ஓட்டோ கியர். 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கியர்ப்பெட்டி ஓய்ந்தது. எஞ்சின் முழங்கும், வாகனம் நகராது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரித்தபோது அதே ஓட்டோ கியர்ப்பெட்டிக்குச் சொன்ன விலை, அவர் பல மாதங்களாகக் கட்டிவந்த லீசிங் தவணைகளை விழுங்கிவிடும் போலிருந்தது. நல்வினையாக, அதே எஞ்சின் மனுவல் கியரோடும் விற்கப்பட்டிருந்தது. அந்தப் பெட்டி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. "சேர், புத்தகத்தில இங்கிலீசில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்று அவர் கேட்டதனால் நானும் இக்காரியத்தில் சேர்ந்தேன். கைத்தொலைபேசியில் இருந்த அந்தத் திருத்தற் கைநூலைத் தமிழாக்குவதே எனக்கு இடப்பட்ட பணி.

முதலிலே சக்கரம். அண்ணரின் மருமகன், பந்தய வாகனங்களைப் படத்திலே பார்த்துப் பழகிய இளைஞன், "மெல்லிசா கடைஞ்ச பிளைவீல் போடுவம் மாமா, எஞ்சின் கெதியா ஏறும்" என்றான். அது பொய்யன்று. கனம் குறைந்த சக்கரம் வேகமாக முடுக்கும், வேகமாக அடங்கும். பந்தயத்துக்கு அது நல்லது. பிள்ளைகளை ஏற்றும் வானுக்கு என்ன நடக்கும்? எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கணக்கைப் பலகையிலே போட்டுக் காட்டினார். 10 கிலோ நிறையும் 28 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள சக்கரம், நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுழலும்போது ஏறத்தாழ 344 யூல் சக்தியை வைத்திருக்கும். 35 கிலோ சுமையை ஒரு மீற்றர் உயரம் தூக்கப் போதுமான சக்தி அது. வாகனம் நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் உதவிக்கு வருவது இந்தச் சேமிப்பே. சக்கரத்தின் கனத்தைச் சீராகப் பாதியாக்கினால் சேமிப்பும் பாதி. அப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எஞ்சின் அணையும், அணையாதிருக்க ஓட்டுநர் எஞ்சினை முடுக்கிக் கிளட்சை வழுக்கவிடுவார், தட்டு தேயும். வார்ப்பிரும்பை அளவுக்கு மிஞ்சிக் கடைந்தால் இன்னொரு பேராபத்தும் உண்டு: அதிவேகத்திலே அது பிளந்து சிதறலாம். சக்கரம் இருப்பது ஓட்டுநரின் காலடிக்கு அண்மையில். மெக்கானிக் அண்ணர் இவ்வளவையும் ஒரே வாக்கியத்திலே முடித்தார்: "இது புள்ளையள் போற வாகனம் தம்பி, பாரம் வேணும்."

காத்தான்குடியிலே பழைய உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் சக்கரத்தைத் தேடினோம். எண்ணெய்க் கறுப்பேறிய இரும்புக் குவியலுக்குள்ளிருந்து கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். "காக்கா, அவசரப்படுத்தாதீங்க, எண்ணிப் பாக்கோணும்" என்றார் மெக்கானிக். அவரோடு வந்த பயிலுநர் பையன் எண்ணத் தொடங்கினான். அவன் என்னிடம் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் பாடசாலையை விட்டவன். முதற் சக்கரத்தில் தண்டோடு பூட்டும் துளைகள் ஆறு. எங்கள் எஞ்சினுக்கு எட்டு. அது விலகிற்று. இரண்டாவதில் துளைகள் பொருந்தின. ஆனால் விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையத்தின் பற்கள் ஸ்டார்ட்டரின் பற்களோடு பொருந்தவில்லை. முகத்திலோ வெப்பத்தால் எழுந்த வெடிப்பொன்று துளைவரைக்கும் ஓடியிருந்தது. பையன் நகத்தால் தடவி அதைக் காட்டினான். மேலோட்டமான கீறலைக் கடைந்து அகற்றலாம். துளையைத் தொட்ட வெடிப்பை எந்தக் கடைசலும் காப்பாற்றாது. மூன்றாவதன் பற்களை, தொடங்கிய பல்லிலே சோக்கால் குறியிட்டு, இரண்டு தடவை எண்ணினான். எண்ணிக்கை சரி, துளை சரி, தடிப்பும் கடைவதற்கு இடங்கொடுத்தது. முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளும் சிறு பள்ளங்களும் மாத்திரம் இருந்தன. அதனையே எடுத்தோம்.

லேத் பட்டறையிலே இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது. இச்சக்கரத்தில் தட்டு உராயும் முகம் ஒரு தளம். பிரஷர் பிளேட் பூட்டும் விளிம்பு சற்று உயர்ந்த மற்றொரு தளம். உராயும் முகத்தை மட்டும் அரை மில்லிமீற்றர் கடைந்தால் இரண்டுக்கும் இடையேயுள்ள உயரம் கூடிவிடும். வில்தகட்டின் பிடி தளர்ந்துவிடும். ஆதலால் விளிம்பையும் அதே அளவு கடையவேண்டும். கடைசற்காரர் முகத்தோடு நிறுத்தப் பார்த்தார், மெக்கானிக் விடவில்லை. அளந்து, கடைந்து, மீண்டும் அளந்தபின்பே சக்கரம் வீடு வந்தது.

அடுத்தது கிளட்ச். இங்கே மெக்கானிக் அண்ணரின் அனுபவம் ஒரு வேலியைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உழைப்பாளியின் அறிவைப் போற்றுவதென்றால் அவர் சொல்வதெல்லாம் வேதம் என்பதல்ல. "பெரிசு எப்பவும் நல்லம்" என்பது அவருடைய கொள்கை. சிறு லொறிக்குரிய வலிய வில்தகடு ஒன்று கைக்கு வந்தது. அதைப் போட்டால் ஒருநாளும் வழுக்காது என்றார். ஆசிரியை மறுபடியும் கணக்குப் போட்டார். தட்டுக்கு உராயும் முகங்கள் இரண்டு. உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.3, சராசரி ஆரை 9 சென்ரிமீற்றர், சாதாரண வில்தகட்டின் அழுத்தம் 5000 நியூற்றன் என்று கொண்டால், அது தாங்கும் திருகுவிசை 270 நியூற்றன் மீற்றர். எஞ்சின் கொடுக்கக்கூடியது 190. தேவைக்கு மேலே ஏறக்குறைய நாற்பது வீதம் இருப்பு உண்டு. அதற்கு மேலே வலிமை எதற்கு? வில் வலிதாக வலிதாக மிதிபடி கடினமாகும். ரிலீஸ் பெயாரிங்கும், சுழல்தண்டை முன்பின் அசையாமல் தாங்கும் உட்தகடுகளும் விரைவில் தேயும். பதினான்கு வாசல்களில் நின்று புறப்படுகிறவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தப் படியை மிதிக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதரின் இடதுமுழங்கால் எந்தக் கைநூலிலும் குறிக்கப்படாத ஓர் உதிரிப்பாகம். அதற்கு மாற்றுக் கிடையாது. மெக்கானிக் சற்று நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, டீச்சர் சொல்றதுதான் சரி" என்று லொறித் தகட்டை ஒதுக்கினார். தட்டின் நடுவே இருக்கும் 21 பல் கியர்த்தண்டின் 21 பல்லோடு பொருந்துகிறதா என்று பையன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்.

செலவைச் சுருக்க, பழைய தட்டொன்றிற்குப் புதிய லைனிங் அடித்துக்கொள்ளலாமா என்று வான்கார அண்ணர் கேட்டார். அவருடைய நிலைமை அப்படி. ஆனால் பழைய லைனிங்குகள் பலவற்றிலே கல்நார் இருந்தது. அஸ்பெஸ்டோஸ் என்று நாம் கூரைத் தகட்டால் அறிந்த அதே பொருள். அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்தப் பழைய தட்டில் அது உண்டு, எதில் இல்லை என்று கண்ணாலே அறிய முடியாது. கராச்சுகளிலே அத்தூசியைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவது வழக்கம்; அப்போது குனிந்து நிற்பவன் பயிலுநர் பையன். அவனுக்குப் பதினேழு வயது. கல்நார் இல்லையென்று பெட்டியிலே அச்சிட்ட புதிய தட்டும் வில்தகடும் பெயாரிங்கும் ஒரே தொகுதியாக வாங்கப்பட்டன. அவ்விடத்திலே ஊதும் வழக்கத்தை விட்டு ஈரத்துணியால் துடைப்பது என்றும் பேசி ஒப்புக்கொண்டோம். செலவில்லாத சீர்திருத்தம் இது. ஆனாலும் யாராவது சொல்லவேண்டியிருந்தது.

கடைசியாகப் போல்ட்டுகள். ஓட்டோ கியரின் மெல்லிய தகட்டைப் பிடித்திருந்த எட்டுப் போல்ட்டுகளும் நன்றாகவே இருந்தன. அவற்றையே போடலாமென்று தோன்றும். ஆனால் அவை குட்டை. தடித்த பிளைவீலை ஊடுருவியபின் தண்டுக்குள் சில புரிகளே பிடிக்கும். சக்கரம் கழன்றால் என்னாகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. நீளமான புதிய போல்ட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் 98 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கவேண்டுமென்று கைநூல் சொன்னது. அளந்து இறுக்கும் ஸ்பானர் அந்தக் கராச்சில் இல்லை. கையின் பழக்கமே அளவு. ஆசிரியை கேட்டார்: "மீன் நிறுக்கிற விற்றராசு கிடைக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். பையன் ஓடிப்போய்த் தெருமுனையில் மீன் விற்கும் அக்காவிடம் வாங்கிவந்தான். "மீன் மணக்கும், பறவாயில்லையாண்டு கேட்டா" என்றான். போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீற்றர் தூரத்தில் ஸ்பானரின் நீட்டுக்குழாயிலே தராசின் கொளுக்கியை மாட்டி, செங்குத்தாக இழுத்து, முள் 20 கிலோவைத் தொட்டதும் நிறுத்தவேண்டும். இருபதை 9.8 ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் வருவது 98. ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக, மூன்று தவணையில் சிறிது சிறிதாக ஏற்றி, எட்டுப் போல்ட்டுகளும் இறுக்கப்பட்டன. திருப்பம் என்னும் பாடத்தை அந்தப் பையன் வகுப்பிலே கேட்டிருக்கிறான். அன்று மீன் தராசிலே கண்டான். "சேர், இதத்தானா அண்டைக்குப் படிப்பிச்ச?" என்று அவன் கேட்ட கேள்வி என்னை நோக்கியதன்று, பாடத்திட்டத்தை நோக்கியது.

எண்ணும் கையும் இப்படிப் பிரிந்து கிடப்பது கல்லடியின் மரபன்று. கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், மறைந்துபோன ஓர் இசைக்கருவியை நரம்புகளின் அளவையும் எண்களின் விகிதத்தையும் கொண்டு மீட்க முனைந்த நூல். 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விஞ்ஞானம் தமிழிலே வரவேண்டும் என்ற அந்த முயற்சியின் பயனாக இன்று நமது பிள்ளைகள் பௌதிகவியலைத் தமிழிற் கற்கிறார்கள். ஆனால் அந்தத் தமிழ் பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிட்டது, கராச்சுக்குள் வரவில்லை. அங்கே வாகனத்தின் கைநூல் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் கிடக்கிறது. அதைத் திறக்க ஒரு தமிழாசிரியன் தேவைப்படுகிறான். பிளைவீல் என்று அவர்கள் சொல்வதைப் பறப்புச்சில்லு என்று திருத்துவது எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. இறுக்க வேண்டிய அளவு எவ்வளவு, தூசியிலே நஞ்சு எது என்ற செய்தி அவர்களுடைய மொழியிலே அவர்களுக்குக் கிடைப்பதே அவசியம்.

2017 இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் தொழிற்பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், கணிதத்தில் தவறியவனுக்குத் தொழில், தேறியவனுக்கு விஞ்ஞானம் என்ற எண்ணம் நம் உள்ளத்திலே இருக்கும்வரை, அது பழைய சாதிப் பிரிவினைக்குப் புதிய சீருடை அணிவிப்பதாகவே முடியும். பல்லை எண்ணியவனுக்கே கணக்கு வேண்டும். கணக்குத் தெரிந்தவர்க்கே பல்லைக் காட்டவேண்டும். லொறித் தகட்டை மெக்கானிக் ஒதுக்கியதும், மீன் தராசு கராச்சுக்குள் வந்ததும், இருவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றதனாலே நடந்தவை.

வேலை முடிந்தபோது கராச் உரிமையாளர் பட்டியல் எழுதிக் கொடுத்தார். பிளைவீல், கிளட்ச் தொகுதி, போல்ட்டுகள், கடைசற்கூலி, எண்ணெய் என்று இரும்பும் எண்ணெயும் தனித்தனி வரியில், சதக் கணக்கோடு நின்றன. அடியிலே "கூலி" என்று ஒரே சொல். மூன்று சக்கரங்களில் இரண்டை விலக்கிய அறிவு, விளிம்பையும் கடையச் செய்த பிடிவாதம், வெடிப்பைத் தொட்டறிந்த நகம் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பையனுக்குக் கிடைத்தது நாட்கூலி. ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவரும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும் என்கிறது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். அவன் பெயரிலே அப்படியொரு கணக்கு இல்லை. அப்படிப்பட்ட சட்டம் ஒன்று உண்டென்றே அவன் அறிந்திருக்கவில்லை. படிவத்தை எப்படி நிரப்புவது என்று எந்த வகுப்பிலும் எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நம் ஒவ்வொருவருடைய பாடசாலைக்கும் அருகிலே ஒரு கராச்சோ, லேத் பட்டறையோ, தோணி கட்டும் வாடியோ இருக்கிறது. அங்கே நம்மிடம் படித்துத் தவறியவர்கள் வேலை செய்கிறார்கள். மாதத்தில் ஒரு பிற்பகல் அங்கே செல்வோம். கைநூலின் பக்கங்களைத் தமிழிலே எழுதிச் சுவரில் ஒட்டுவோம். திருப்பமும் உராய்வும் கற்கும் வகுப்பை ஒருநாள் அங்கேயே நடத்துவோம். சேமலாபப் படிவத்தையும் கையோடு கொண்டுசெல்வோம். எங்கள் கராச்சிலே இறுக்கும் அளவுகளின் அட்டவணையொன்று இப்போது தமிழிலே தொங்குகிறது. எழுதியவர் அந்த ஆசிரியை. சரிபார்த்தவன் அந்தப் பையன். இரண்டு இடங்களில் அவன் திருத்தியிருக்கிறான்.